நீர்விளையாட்டுப் பூங்காவுக்குப் புறப்படுமுன்

கோடை விடுமுறையில், மேட்டுப்பாளையத்தை அடுத்து நீலகிரி அடிவாரத்திலுள்ள ‘பிளாக் தண்டர்’ போன்ற பூங்காவுக்கு ஒருநாள் சென்று வர வேண்டுமெனப் பிள்ளைகள் நச்சரிக்கத் தொடங்கியிருப்பர். சென்று வருவோம். ஆனால் கட்டணம், வாகனம், மாற்றுடை என நாட்கணக்கில் பேசும் நாம், தண்ணீரில் பிள்ளைகளைக் கவனிப்பவர் யார் என்பதைப் பேசுவதில்லை. ‘எல்லாரும்தான் இருக்கிறோமே!’ என்று இருந்துவிடுகிறோம்.

நீரில் மூழ்கும் குழந்தை கைவீசிக் கூக்குரலிடும் என்பது திரைப்படங்கள் தந்த எண்ணம். மூச்சுக்கே திணறும்போது குரல் எழும்புவதில்லை. அருகில் நிற்போரும் அறியாமல் ஓரிரு நிமிடங்களில் ஆபத்து நேர்ந்துவிடும். அதற்கு ஆழமும் வேண்டியதில்லை. செயற்கை அலை எழும் குளத்தில், கூட்டத்தின் நடுவே ஒரு சிறு தலை மறைவது எளிது. காற்றடைத்த வளையத்தையும் நம்புவதற்கில்லை.

ஆகவே வீட்டிலேயே முறை வகுத்துக்கொள்வோம். தந்தைக்கு 15 நிமிடம், அடுத்துச் சித்தப்பாவுக்கு 15 நிமிடம். முறைக்குரியவர் கைபேசியைப் பையிலிட்டு, சிறு குழந்தைக்குக் கையெட்டும் தொலைவில் நீரிலேயே நிற்க வேண்டும். முறை மாறுகையில், ‘இனி உங்கள் பொறுப்பு’ என வாய்விட்டுச் சொல்லட்டும். உயிர்காப்பாளர் இருப்பார், உண்மைதான். அவரோ குளம் முழுவதையும் கவனிக்க வேண்டியவர்.

தாய்மாரை ஏன் சேர்க்கவில்லை என்பீர்கள். அன்றாவது அவர்களும் நீரில் விளையாடட்டுமே! சேலையுடன் சறுக்குகளில் பெரும்பாலும் விடுவதில்லை. நைலான் உடையே வேண்டுமென்பர். முன்கூட்டியே கேட்டறிந்து வாங்கி வைப்பது நலம்.