எல்லை தாண்டினால் குற்றவாளியா?

கொல்கத்தாவை ஒட்டிய நியூ டவுனில் சைக்கிளுக்கெனத் தனிப்பாதை போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, கொல்கத்தா போலீஸின் எல்லைக்குள் வரும் முக்கியச் சாலைகள் பலவற்றில் சைக்கிளுக்குத் தடை; மீறினால் அபராதம். நியூ டவுனும் சால்ட் லேக்கும் பிதான்நகர் போலீஸ் கமிஷனரேட்டின் கீழ் வருகின்றன. ஹூக்ளி நதிக்கு அக்கரையில் ஹவுராவுக்கு வேறொரு கமிஷனரேட். வீடு ஒரு கமிஷனர் எல்லையிலும் வேலை இன்னொருவர் எல்லையிலும் இருப்பது அந்தப் பெருநகரத்தில் சாதாரணம்.

2008இல் 38 சாலைகளில் தொடங்கிய தடை, 2013இல் 174 சாலைகளுக்கு நீண்டது. எதிர்ப்பு வலுத்ததும் 62 ஆகக் குறைத்தார்கள். 2020இல் கொரோனாவால் புறநகர் ரயில்கள் முடங்கி, பேருந்துகளில் ஏறவே மக்கள் அஞ்சியபோது அதே போலீஸ் தடையைத் தளர்த்தியது. நெருக்கடியில் நகரத்துக்குக் கைகொடுத்த சைக்கிள், நிலைமை சீரானதும் மறுபடி இடைஞ்சலாகிவிட்டது.

இதனால் அடிபடுபவர்கள் யார்? பால்காரர், பேப்பர் போடுபவர், கொத்தனார், கடைச் சிப்பந்தி. கேரியரின் இருபுறமும் பால் கேன்களைத் தொங்கவிட்டு வருகிறவர், தடைச்சாலை வந்ததும் இறங்கி, கனக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடக்க வேண்டும். இல்லையேல் சந்துகளில் சுற்றிப் போக வேண்டும். காரில் போகிறவருக்கு நூறு ரூபாய் அபராதம் பொருட்டல்ல. இவருக்கு அது வீட்டின் அன்றைய சமையல்.

கொல்கத்தாவின் நிலப்பரப்பில் சாலைகள் சுமார் 6 விழுக்காடுதான், மெதுவாகப் போகும் வண்டிகள் நெரிசலைக் கூட்டுகின்றன, விபத்துக்கும் இடமாகிறது என்கிறது போலீஸ் தரப்பு. இடம் அவ்வளவு குறைவென்றால், அதை மிகக் குறைவாக அடைத்துக்கொள்ளும் வாகனத்தையா முதலில் விரட்டுவது? பேருந்து மோதும் ஆபத்து இருக்கிறதென்று, மோதப்படக்கூடியவரைத் தண்டிப்பது பாதுகாப்பு ஆகாது. வாகனங்களுக்கு அல்ல, மனிதர்களின் போக்குவரத்துக்கே முதலிடம் என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை சொல்கிறது. அதற்கு அடுத்த இரண்டாம் ஆண்டே இந்தத் தடை வந்தது.

ஊருக்கு ஊர் விதி மாறவே கூடாது என்பதல்ல நம் நிலைப்பாடு. கொல்கத்தாவின் கடைவீதிப் பகுதியான படாபஜாரின் நெருக்கடிக்கும் நியூ டவுனின் அகன்ற சாலைக்கும் ஒரே ஏற்பாடு பொருந்தாது. ஆனால் மாற்றுப்பாதை காட்டாமல் ஒரு சாலையை மூடுவது, ஒழுங்குபடுத்துவதாகாது, அது புறக்கணிப்பு.

மூன்று போலீஸும் பதில் சொல்ல வேண்டியது ஒரே மாநில அரசுக்குத்தான் என்பதால், இதை எல்லைச் சிக்கல் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நம் தமிழ்நாட்டின் விலையில்லா மிதிவண்டித் திட்டத்தைப் போலவே, 2015இல் தொடங்கிய ‘சபுஜ் சாத்தி’ திட்டத்தில் பள்ளி மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் சைக்கிள் வழங்கியதும் அந்த மாநில அரசுதான். ஒரு கையால் சைக்கிளைக் கொடுத்து மறு கையால் அபராதச் சீட்டை நீட்டுவது நேர்மையல்ல.

இந்தத் தடை அநீதியானது. மேற்கு வங்க அரசு அதை நீக்கி, கொல்கத்தா, பிதான்நகர், ஹவுரா மூன்றுக்கும் பொதுவான சைக்கிள் விதியை வகுக்க வேண்டும். எந்தச் சாலையிலாவது தடை தவிர்க்க முடியாததென்றால், மாற்றுப்பாதையை முதலில் திறந்துவிட்டு, பிறகு தடைப்பலகையை நடட்டும்.