டயர் வெடிப்பது விதி அல்ல

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். கார் இல்லாதவர்களும் படியுங்கள். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வாடகைக் காரில் போகாதவர்கள் யார் இருக்கிறார்கள்?

செய்தித்தாளில் அடிக்கடி வரும் வாக்கியம் இது: "டயர் வெடித்ததில் கார் கட்டுப்பாட்டை இழந்து கவிழ்ந்தது." முப்பது வருடத்துக்கு மேல் எழுவாய், பயனிலை சொல்லிக் கொடுத்தவன் என்பதால் எனக்கு இந்த வாக்கியம் உறுத்தும். இதில் வெடித்தது டயர், கவிழ்ந்தது கார். மனிதர் ஒருவர்கூட இல்லை. அந்த டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர் வாக்கியத்திலிருந்தே காணாமல் போய்விட்டார். துக்கம் விசாரிக்கப் போகிற இடத்திலும் இதையேதான் சொல்கிறோம்: "என்ன செய்யறது சார், நேரம். டயர் வெடிச்சிடுச்சு."

நேரம் இல்லை, கவனக்குறைவு என்று ஒரு நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. 2010 அக்டோபரில் புனேயிலிருந்து மும்பைக்கு அலுவலக நண்பர்களோடு காரில் போனார் ஒருவர். வயது 38. பின் டயர் வெடித்து கார் பள்ளத்தில் விழுந்தது, அவர் இறந்துபோனார். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் குடும்பத்துக்குச் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய் தரச் சொன்னது. காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. டயர் வெடித்தது கடவுளின் செயல், அதற்கு மனிதர் யாரும் பொறுப்பில்லை என்பது அதன் வாதங்களில் ஒன்று. 2023 பிப்ரவரியில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்துவிட்டது. எதிர்பாராமல் வரும் இயற்கைச் சீற்றத்தைத்தான் கடவுளின் செயல் எனலாம். டயர் வெடிப்பது அப்படி அல்ல, மனிதரின் அலட்சியம் என்றது. அளவுக்கு மீறிய வேகம், காற்று குறைவு, காற்று மிகுதி, பழைய டயர், வெப்பம் என்று காரணங்களையும் சொன்னது. புறப்படும் முன் டயரின் நிலையைப் பார்க்க வேண்டியது ஓட்டுபவரின், உரிமையாளரின் கடமை என்றது.

என் கருத்தும் அதுதான். புது கார் வாங்கினால் நாம் என்ன செய்கிறோம்? கோயில் வாசலில் நிறுத்தி மாலை போட்டு, நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக் கிளம்புகிறோம். நானும் சாமி கும்பிடுகிறவன்தான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பழம் வைக்கக் குனிந்த அதே டயரில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேருக்குப் பதில் தெரிவதில்லை. "பங்க்ல பையன் பாத்துப்பான் சார்" என்கிறார்கள். பையனுக்குக் காருக்கு இவ்வளவு என்று மனதில் ஒரு கணக்கு இருக்கும். உங்கள் காருக்கு எவ்வளவு என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் சட்டத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. ஆள் குறைவாக இருந்தால் இவ்வளவு, முழுச் சுமையோடு போனால் இவ்வளவு, முன் டயருக்கு, பின் டயருக்கு என்று தனித்தனியே போட்டிருப்பார்கள். டயரின் பக்கவாட்டில் இருக்கும் பெரிய எண்ணைப் பார்த்துக் காற்றடிக்கக் கூடாது. அது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு.

காற்று அதிகமானால் வெடிக்கும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். குறைவாக இருப்பதுதான் அதைவிட ஆபத்து. ஏன் என்று பார்ப்போம். ஒரு கட்டுக்கம்பியை எடுத்து ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து தடவை மடக்கி நிமிர்த்துங்கள். மடங்கிய இடம் சுடும், பிறகு ஒடிந்துவிடும். காற்று குறைந்த டயரின் பக்கச் சுவரும் தரையைத் தொடும்போதெல்லாம் அப்படித்தான் மடங்கி நிமிர்கிறது. எத்தனை தடவை? 165/80 R14 என்ற அளவுள்ள டயரை எடுத்துக்கொள்வோம். 165 என்பது அகலம், மில்லிமீட்டரில். அதில் 80 விழுக்காடு, அதாவது 132 மி.மீ., பக்கச் சுவரின் உயரம். R என்றால் ரேடியல். 14 என்பது உள்ளே இருக்கும் டிஸ்க்கின் குறுக்களவு, அங்குலத்தில். கணக்குப் போட்டால் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 1.95 மீட்டர் ஓடும். கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கிலோமீட்டர். ஆக, ஒரு தடவை சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் டயர் சுமார் 23,000 சுற்று சுற்றுகிறது. 23,000 தடவை மடக்கி நிமிர்த்தினால் கம்பி என்ன ஆகும்? டயருக்குள் இருக்கும் நூலும் எஃகுக் கம்பியும் ரப்பரும் சூடேறி ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன. கடைசியில் "டப்" என்ற ஒரு சத்தம்தான் நமக்குக் கேட்கிறது. அந்த வேலை பல மாதமாக உள்ளே நடந்துகொண்டிருந்தது.

நம் ஊருக்கு இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பழைய சாலையில் முதுநகர் தாண்டி, சிப்காட் தாண்டி, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று ஊர் ஊராக நின்று நிதானித்துப் போவோம். பஸ், நெல் வண்டி, மாடு, வேகத்தடை எல்லாம் இருக்கும். ஐம்பதைத் தாண்டினால் அதிசயம். இப்போது நான்குவழிச் சாலை வந்துவிட்டது. அதே கார், அதே பழைய டயர், ஆனால் முள் நூறைத் தொடுகிறது. நூறு கிலோமீட்டர் வேகத்தில் அந்த டயர் ஒரு விநாடிக்குப் பதினான்கு சுற்று சுற்றுகிறது. கத்திரி வெயிலில் சாலையின் சூடும் சேர்ந்துகொள்கிறது. பழைய சாலையில் தாக்குப்பிடித்த டயர் புதிய சாலையில் தாக்குப்பிடிக்கும் என்று எண்ணக் கூடாது. சாலை மாறியதற்கு ஏற்ப நம் பழக்கமும் மாற வேண்டும்.

அடுத்து, என்னைப் போன்ற ஓய்வூதியர்களுக்கு. பணிக்கொடை வந்ததும் ஒரு கார் வாங்கினோம். மழை படாமல் போர்ட்டிகோவில் நிறுத்தி, உறை போட்டு, வாரம் ஒரு தடவை துடைக்கிறோம். வருடத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓடினால் அதிகம். "டயர் புதுசு மாதிரியே இருக்கு" என்று பெருமை வேறு. நண்பர்களே, நம் டயர்கள் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகின்றன. ரப்பருக்கு வெயிலும் காற்றும் ஆகாது. ஒரே இடத்தில் நின்றாலும் அது இறுகி, பக்கச் சுவரில் மயிரிழை போல வெடிப்பு விடும். டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் எழுத்து வரிசையின் முடிவில் நான்கு எண் இருக்கும். 3119 என்றிருந்தால் 2019-ம் ஆண்டின் 31-வது வாரம் செய்தது. சில டயர்களில் அது உட்பக்கம் இருக்கும். குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஐந்து வருடம் ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை தெரிந்தவரிடம் காட்டுங்கள். பத்து வருடம் ஆகிவிட்டால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

டயர் வாங்கும்போதும் இந்த நான்கு எண்ணைப் பார்க்க வேண்டும். எங்கள் உறவினர் ஒருவருக்கு ஒரு கடையில் "இன்னிக்குத்தான் லோடு வந்துச்சு" என்று சொல்லிக் கொடுத்த டயர், செய்து மூன்று வருடம் ஆனது. எண்ணைக் காட்டிக் கேட்டதும் மறுபேச்சு இல்லாமல் உள்ளேயிருந்து வேறு எடுத்து வந்தார்கள். கேட்கத் தெரிந்தவருக்கு ஒரு டயர், தெரியாதவருக்கு ஒரு டயர். படிக்கத் தெரிவதன் பயன் இதிலும் இருக்கிறது.

பட்டன் விஷயம். டயரின் பள்ளங்கள் அழகுக்கு இல்லை. மழையில் டயருக்கும் சாலைக்கும் நடுவில் வரும் தண்ணீரை வெளியே தள்ளுவதுதான் அவற்றின் வேலை. பள்ளம் தேய்ந்துவிட்டால் கார் தண்ணீர்மேல் மிதக்கும். ஸ்டீயரிங் திருப்பினாலும் திரும்பாது, பிரேக் போட்டாலும் நிற்காது. காருக்குச் சட்டப்படி இருக்க வேண்டிய ஆழம் 1.6 மி.மீ. அளவுகோல் வேண்டாம். பள்ளத்துக்குள்ளேயே அங்கங்கே சின்ன மேடு வைத்திருப்பார்கள். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் காலம் முடிந்தது. ஐப்பசி, கார்த்திகையில் நமக்கு எப்படிக் கொட்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. புரட்டாசியிலேயே பார்த்துவிடுங்கள். ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் சரியில்லை. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்று குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள். நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். டயர் நாம் ஓட்டியதை எழுதி வைத்திருக்கும் நோட்டுப் புத்தகம் மாதிரி.

பஞ்சர் ஒட்டுவதில் ஒரு எச்சரிக்கை. தரையில் படும் பாகத்தில் ஆணி ஏறினால் ஒட்டலாம். பக்கச் சுவரில் கிழிந்தாலோ, புடைத்தாலோ ஒட்டவே கூடாது, மாற்றத்தான் வேண்டும். "ஒட்டித் தரேன் சார், ஒண்ணும் ஆவாது" என்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள். அவர் உங்களோடு வண்டியில் வரப்போவதில்லை.

ஸ்டெப்னியையும் மறக்காதீர்கள். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது தெரியுமா? வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒன்று. 1904-ல் அங்கேதான் உபரிச் சக்கரம் செய்து விற்கத் தொடங்கினார்கள். தெருவின் பெயர் சக்கரத்தின் பெயராகி நம் ஊர் மெக்கானிக் வரை வந்துவிட்டது. பெயர் இவ்வளவு தூரம் வந்தும், பல கார்களில் அந்தச் சக்கரம் காற்றில்லாமல்தான் கிடக்கிறது. மாதம் ஒரு முறை அதிலும் காற்றுப் பாருங்கள்.

டயர் தவிர மற்றவை சுருக்கமாக. கார் சமதளத்தில் ஆறிய நிலையில் நிற்கும்போது இன்ஜின் ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டு அளவு பாருங்கள். கூலன்ட்டும் பிரேக் ஆயிலும் டப்பாவின் இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும். கடலோரத்தில் இருப்பவர்கள், சில்வர் பீச்சுக்கு அடிக்கடி போகிறவர்கள், காரின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும். 2015-லும், 2024-ல் ஃபெஞ்சல் புயலின்போதும் பார்த்தோமே, அப்படி வெள்ளத்தில் கார் நின்றுபோனால் சாவியைத் திருப்பிப் பார்க்காதீர்கள். தண்ணீர் உள்ளே போன இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும். தள்ளிக்கொண்டு வந்து மெக்கானிக்கிடம் விடுங்கள்.

"இதெல்லாம் சர்வீஸ்காரன் வேலை" என்பார்கள் சிலர். அவர் உங்கள் வண்டியைப் பார்ப்பது வருடத்துக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ. காற்று தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. "நைட்ரஜன் அடிச்சிட்டேன்" என்பார்கள் சிலர். சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். அதுவும் இறங்கும், அதையும் பார்க்கத்தான் வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை வேறு. 2012-ல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று இறந்தது. அதற்குப் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. ஒரு குழந்தை போன பிறகு வந்த விதிகள் அவை. அதனால் இன்று பள்ளிப் பேருந்துகளை ஆண்டுதோறும் அதிகாரிகள் சோதிக்கிறார்கள். ஆனால் நம் சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம். அதுவரை அதன் டயரை அரசாங்கத்தின் சார்பில் யாரும் குனிந்து பார்க்கப்போவதில்லை. நாம்தான் அதற்கு இன்ஸ்பெக்டர். அந்தக் காரில்தான் பேரப்பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகிறோம்.

அதனால் சில கோரிக்கைகள். பெட்ரோல் பங்குகளில் காற்று இலவசமாகத் தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. மிஷின் ரிப்பேர் என்று போர்டு மாட்டியிருந்தால் புகார்ப் புத்தகம் கேட்டு எழுதுங்கள். டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர்கள் முதல் நாள் பாடத்தை ஸ்டீயரிங்கில் தொடங்காமல் டயரில் தொடங்குங்கள். வாடகைக் கார் பிடிக்கும்போது, ஏறும் முன் நாலு டயரையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். ஓட்டுநர் தம்பி கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் காத்திருப்பார்கள். மழமழவென்று இருந்தால் வேறு வண்டி கேளுங்கள்.

எல்லாம் மீறி, ஓடும்போது டயர் வெடித்துவிட்டால் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை இரு கையாலும் இறுகப் பிடித்து நேராக வைத்து, ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெல்ல எடுங்கள். வேகம் தானாகக் குறைந்த பிறகு ஓரம் கட்டுங்கள்.

வாத்தியார் என்பதால் வீட்டுப்பாடம் கொடுக்காமல் விட மாட்டேன். வரும் ஞாயிறு காலை, வண்டியை எடுப்பதற்கு முன், டயர் ஆறியிருக்கும்போது காற்றுப் பாருங்கள். கையடக்க கேஜ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து டயரின் நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பத்து நிமிட வேலை. எந்த ஆண்டு டயர் என்று இங்கே கீழே போடுங்கள், நான் ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். பத்து வருடத்தைத் தாண்டிய டயரோடு யாராவது ஓட்டிக்கொண்டிருந்தால் போன் போட்டுத் திட்டுவேன். அந்த உரிமை எனக்கு இன்னும் இருக்கிறது என்று நம்புகிறேன்.