நம்பிக்கை என்னும் திருப்பணி

துன்பமுற்றோரை நோக்கி, "மனந் தளராதீர்" என்று கூறுதல் எளிது. அவர்தம் துயரின் ஆழத்தை அறிந்து கூறுவோர் சிலரே. ஆதலின் விழா மலரில் நம்பிக்கையைப் பற்றி எழுதப் புகுந்த நாம், வெற்றுபதேசத்தை விடுத்து, நம் கரையிலேயே உள்ள சான்றொன்றைக் காட்ட விழைகின்றோம்.

பாலாவிக் கரையில் சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம், 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் அவ்விடம் காடாய்க் கிடந்தது. அக்காட்டை மீட்டுக் கோயில் எழுப்புமாறு 1872ஆம் ஆண்டில் நாவலர் பெருமான் சைவ மக்களை எழுத்தால் வேண்டினார். 1879இல் அவர் மறைந்தார். அங்கு ஒரு கல்லேனும் ஏறியதைக் கண்டாரல்லர். 1893இல் நிலம் வாங்கப்பெற்றது. 1903இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. 1948இல் திருப்பணிச் சபை தோன்றியது. 1976இல் மீண்டும் குடமுழுக்கு. பின்னர்ப் போர் வந்தது. 1990இல் மக்கள் இடம்பெயர்ந்தனர், வழிபாடு தடைப்பட்டது. அதன்பின்னரும் பணி தொடர்ந்தது. கருங்கற்றிருப்பணி நிறைவுற்று, 2022 யூலை 6ஆந் திகதி குடமுழுக்கு நடந்தேறியது. எரிபொருளுக்காக நாடே வரிசையில் நின்ற நாட்கள் அவை என்பதை நாம் மறவோம்.

நாவலர் கொண்டது எத்தகைய நம்பிக்கை? தம் கண்ணாற் பயன் காண்போம் என்பதன்று. பின்வருவோர் கைவிடார் என்பதே. வள்ளுவர் 'ஆள்வினையுடைமை'யை 62ஆம் அதிகாரமாக வைத்து, அதனையடுத்தே 'இடுக்கணழியாமை'யை வைத்தார். முயற்சியில்லாத நம்பிக்கை வெறுங் கனவு என்பது அவ்வைப்பு முறையிலேயே விளங்கவில்லையா?

கோயிலோடு இவ்வுண்மை நின்றுவிடவில்லை. போரால் 1990இல் அற்றுப்போன தலைமன்னார் இருப்புப்பாதை 2015இல் மீண்டும் கடற்கரை வரை சென்றது. அதே 1990இன் ஒக்டோபரில், நம் தீவின் முஸ்லிம் மக்கள் வீடு வாசலை விட்டு விரட்டப்பட்டனர். ஆண்டுகள் பல கழித்துத் திரும்பியோர், பாழடைந்த வீடுகளிலே மீண்டும் விளக்கேற்றினர். அவர்க்கு நேர்ந்த அநீதியை மறைத்துவிட்டு நம்பிக்கை பேசுவோமாயின், நாம் பேசுவது நம்பிக்கையன்று, மறதியே.

காணாமற்போன மகனைத் தேடும் தாயிடம் சென்று, "நல்லதே நடக்கும்" என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. அவள் அருகில் அமர்தலும், அவள் பேரப்பிள்ளையின் படிப்பைத் தாங்குதலுமே நம் கடன். நம்பிக்கை சொல்லாற் கொடுக்கும் பொருளன்று. செயலாற் கொடுக்கும் பொருள்.

மாணவச் செல்வங்களே! கடல் கடந்து செல்வதொன்றே வழியென நீவிர் எண்ணும் காலம் இது. செல்வோரை நாம் குறை கூறோம். எங்கிருப்பினும் இம்மண்ணுக்கு ஒரு கல் எடுத்து வைத்தல் வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். பழைய மாணவர்காள்! உங்கள் நினைவுகளோடு உங்கள் உதவியும் இங்கு வரட்டும். ஆசிரியப் பெருமக்களோ, தாம் காணாத நாளுக்காக நாள்தோறும் விதைப்பவர்கள். அவர்க்கு நாம் கூற யாதுளது?

நாவலர் காணாத கோபுரத்தை நாம் கண்டோம். நாம் காணாததை நம் பிள்ளைகள் காண்பார்களாக.