நாட்டின் நிலைப்பாடு என்று பிள்ளைகளுக்கு எதைக் கற்றுக்கொடுக்கிறீர்கள்?

ஜூலை, ஆகஸ்ட் வந்தால் நகரத்துப் பெரிய தனியார் பள்ளிகளில் எம்.யு.என். சீசன் தொடங்கிவிடுகிறது. எம்.யு.என். என்றால் மாதிரி ஐக்கிய நாடுகள் சபை. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள் கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு, ஆளுக்கொரு நாட்டின் பெயர்ப்பலகையை முன்னால் வைத்துக்கொண்டு, இரண்டு மூன்று நாட்கள் உலகப் பிரச்சினைகளைப் பேசித் தீர்மானம் போடுகிறார்கள். கடைசி நாளில் ‘பெஸ்ட் டெலிகேட்’ கேடயம் கொடுக்கிறார்கள். அந்தச் சான்றிதழ் பிற்பாடு வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் போய் உட்காரும்.

பதிவுக் கட்டணம், கோட்டு, தங்குமிடம், ஆங்கிலம் எல்லாம் சேர்ந்து யாரை வாசலிலேயே நிறுத்துகின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தமிழ்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் இந்தக் கூடத்துக்குள் நுழைந்திருப்பார்கள் என்று கேட்டால், கட்டணச் சலுகை தருகிறோமே என்று பதில் வரும். எங்கள் சண்டை சலுகையைப் பற்றியது அல்ல. உள்ளே போன பிள்ளைக்கு அங்கே என்ன கற்றுத்தரப்படுகிறது என்பதைப் பற்றியது.

எம்.யு.என்.னின் அடிப்படை விதி இது: உனக்குக் கொடுத்த நாட்டின் அதிகாரபூர்வ நிலைப்பாட்டைத்தான் நீ பேச வேண்டும். ‘நான்’ என்று சொல்லக் கூடாது. ‘இந்தியாவின் பிரதிநிதி கருதுகிறார்’ என்றுதான் தன்னையே மூன்றாம் ஆளாகச் சொல்லிக்கொள்ள வேண்டும். சரி, சாதியைப் பற்றி ஐ.நா.வில் இந்தியாவின் அதிகாரபூர்வ நிலைப்பாடு என்ன? ‘இது எங்கள் உள்நாட்டு விவகாரம். சாதி வேறு, இனம் வேறு. இதைப் பேசும் இடம் இதுவல்ல.’ அதையேதான் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். அதை யார் அழகாக, தடுமாறாமல் சொல்கிறாரோ அவருக்குக் கேடயம்.

அந்த நிலைப்பாட்டின் கதையை எந்தப் பள்ளியும் சொல்லிக்கொடுப்பதில்லை. இனப் பாகுபாட்டின் எல்லா வடிவங்களையும் ஒழிப்பதற்கான சர்வதேச உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 1965 டிசம்பரில் ஏற்றது. இனம், நிறம், தேசியத் தோற்றம் ஆகியவற்றோடு ‘வம்சாவளி’ என்ற சொல்லும் அதன் முதல் பிரிவில் இருக்கிறது. அந்தச் சொல்லைச் சேர்க்கச் சொல்லித் திருத்தம் கொண்டுவந்தது வேறு யாருமல்ல, இந்தியாதான். 1968-இல் உடன்படிக்கையை உறுதியும் செய்தது. பிறப்பால் வருவதுதானே வம்சாவளி? தாய் தகப்பன் வழியாகத்தானே சாதி நம் மேல் ஏறி உட்காருகிறது? 1996-இல் அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு இதைத்தான் சொன்னது: பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நிலைமை இந்த உடன்படிக்கைக்குள் வருகிறது. 2002-இல் வெளியிட்ட 29ஆம் பொதுப் பரிந்துரையில் சாதியைப் பெயர் சொல்லியே எழுதியது. இந்தியாவோ, வம்சாவளி என்றால் இனவழி வம்சாவளி மட்டும்தான் என்று இன்றுவரை அடம்பிடிக்கிறது. தான் கொண்டுவந்த சொல்லுக்கே பொருள் மறுக்கிற நாடு இது.

இன்னொன்றும் உண்டு. 2006 டிசம்பர் 27 அன்று டெல்லியில் நடந்த ஒரு மாநாட்டில், தீண்டாமைக்கு இணையாகச் சொல்ல முடிந்தது தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஒன்றுதான் என்று அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் பேசினார். இரண்டே மாதங்கள். 2007 பிப்ரவரியில் ஜெனீவாவில் அதே குழுவின் முன் உட்கார்ந்த இந்தியத் தூதுக்குழு, சாதிப் பாகுபாடு இனப் பாகுபாடு ஆகாது என்று வாதாடியது. வீட்டுக்குள் ஒரு பேச்சு, வெளியில் ஒரு பேச்சு. சர்வதேச விவகாரம் என்றால் என்ன என்று ஒரு மாணவிக்குப் புரியவைக்க இதைவிட நல்ல பாடம் எது?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மாலைநேரப் படிப்பு மையத்திலிருந்து இரண்டு மாணவிகளை இப்படி ஒரு மன்றத்துக்கு அழைத்துப் போனோம். இருவரும் ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படிப்பவர்கள். பெரிய நாடுகளெல்லாம் முன் அனுபவம் உள்ளவர்களுக்குத்தான். எங்கள் பிள்ளைகளில் ஒருத்திக்கு நேபாளம் கிடைத்தது. மனித உரிமைக் குழு. பொருள், இனப் பாகுபாடு. அவள் உட்கார்ந்து படித்தாள். வேலையையும் வம்சாவளியையும் வைத்து நடக்கும் பாகுபாட்டை ஒழிப்பதற்கான ஐ.நா. வரைவு நெறிமுறைகளை 2009-இல் நேபாள அரசு வெளிப்படையாக ஆதரித்தது. தன் நாட்டில் தீண்டாமை இருக்கிறது என்று ஒளிக்காமல் பேசிய நாடு அது. அதைத்தான் அவள் எழுதிக்கொண்டு போனாள். விதிப்படிப் பார்த்தாலும் நேபாளத்தின் நிலைப்பாடு அதுதான்.

அவள் எழுந்து, திக்கித் திக்கி ஆங்கிலத்தில், தெற்காசியாவில் சாதி என்று ஆரம்பித்த உடனே ‘இந்தியா’ பலகையைத் தூக்கியது. உள்நாட்டு விவகாரம், பொருளுக்குப் புறம்பானது என்றது. தலைமை இருக்கையில் இருந்த கல்லூரி மாணவர் ஆட்சேபத்தை ஏற்றுக்கொண்டார். அவள் ஒரு நிமிடம் நின்றாள். பிறகு, ‘நான் அந்தத் தெருவிலிருந்துதான் வருகிறேன்’ என்று தமிழில் சொன்னாள். ஆங்கிலத்தில் பேச வேண்டும், ‘நான்’ என்று சொல்லக் கூடாது என்று இரண்டு விதிகளையும் நினைவூட்டி உட்காரவைத்தார்கள். அன்று மாலை கேடயம் வாங்கியது இந்தியாதான்.

அந்தப் பையன் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. அவன் பாடத்தை ஒழுங்காகப் படித்திருந்தான். எங்கள் கேள்வி அந்தப் பாடத்தை வைத்தவர்களிடம்தான்.

இது வெறும் பயிற்சி, நம்பாத பக்கத்தையும் வாதாடப் பழகுவதுதானே கல்வி என்பார்கள். இருக்கட்டும். அப்படியானால் எதிர்ப்பக்கம் எங்கே? நிஜ ஐ.நா.வில்கூட அரசுகள் மட்டும் பேசுவதில்லை. அரசுசாரா அமைப்புகளுக்கு ஆலோசனைத் தகுதி தர ஐ.நா. சாசனத்தின் 71ஆம் பிரிவு வழி செய்கிறது. அரசு ஓர் அறிக்கை கொடுத்தால் பாதிக்கப்பட்டவர்கள் நிழல் அறிக்கை கொடுக்கிறார்கள். 2007-இல் ஜெனீவாவுக்குத் தலித் அமைப்புகள் அப்படித்தான் போயின. அந்த நாற்காலியைக்கூட எங்களுக்கு யாரும் எளிதில் போட்டுவிடவில்லை. சர்வதேச தலித் ஒருமைப்பாட்டு வலையமைப்பு 2008-இல் ஆலோசனைத் தகுதிக்கு விண்ணப்பித்தது. இந்தியா கேள்வி மேல் கேள்வி கேட்டு, கூட்டத்துக்குக் கூட்டம் தள்ளிப்போடவைத்தது. தகுதி கிடைத்தது 2022 டிசம்பரில். பதினான்கு ஆண்டுகள்! பள்ளி மன்றங்களிலோ அந்த நாற்காலியே கிடையாது. அரசுகள் மட்டுமே பேசும் உலகத்தைச் செய்து பிள்ளைகள் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

ஆங்கிலம் பற்றி ஒரு வார்த்தை. ஐ.நா.வில் ஆறு அதிகாரபூர்வ மொழிகள். அந்த ஆறில் இல்லாத மொழியிலும் ஒருவர் பேசலாம், மொழிபெயர்ப்புக்கு அவரே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். 1977-இல் வாஜ்பாய் அங்கே இந்தியில் பேசியதைப் பொது அறிவுக் கேள்வியாக மனப்பாடம் செய்யும் அதே பள்ளிகளில் தமிழுக்கு அனுமதி இல்லை. நிஜ ஐ.நா.வைவிட மாதிரி ஐ.நா. கெடுபிடியாக இருப்பது வேடிக்கைதான்.

உலக அரங்கு எங்களுக்குப் புதிதும் அல்ல. 1930-இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் ஒடுக்கப்பட்ட மக்களுக்காக அண்ணல் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் உட்கார்ந்தார்கள். சீனிவாசன் அதற்கு முன்பே தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர். 1946-இல், அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு மனு கொடுத்ததை அறிந்த அம்பேத்கர், அதன் படியைக் கேட்டு டபிள்யூ.இ.பி. டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். டுபாய்ஸ் ஜூலை 31 தேதியிட்டுப் பதில் எழுதினார். அதே ஆண்டுதான் இந்தியா, தென்னாப்பிரிக்காவில் இந்தியர்கள் படும் பாட்டை ஐ.நா. பொதுச்சபையில் எழுப்பியது. அது உங்கள் உள்நாட்டு விவகாரம், நாங்கள் தலையிட மாட்டோம் என்று அன்றைக்கு இந்தியா சொல்லவில்லை. தென்னாப்பிரிக்காதான் அப்படிச் சொன்னது. 1983-இல் வழக்கறிஞர் பகவான் தாஸ் ஜெனீவாவில் ஐ.நா. துணை ஆணையத்தின் முன் தீண்டாமையைப் பற்றிச் சாட்சியம் சொன்னார். 2001-இல் டர்பனில் நடந்த இனவெறி எதிர்ப்பு மாநாட்டுக்கு நம் தோழர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் பறையடித்துக்கொண்டு போனார்கள். இந்திய அரசு தன் முழு பலத்தையும் போட்டு எதிர்த்தது. இறுதிப் பிரகடனத்தில் சாதி என்ற சொல் வரவில்லை. ஆனால் அடுத்த ஆண்டே 29ஆம் பரிந்துரை வந்தது.

கே.ஆர். நாராயணனையும் சொல்ல வேண்டும். கட்டணம் கட்ட முடியாமல் வகுப்புக்கு வெளியே நின்று பாடம் கேட்ட அந்தப் பிள்ளைதான் பிறகு சீனாவிலும் அமெரிக்காவிலும் இந்தியத் தூதராக உட்கார்ந்தார். வெளியுறவு நமக்கு எதற்கு, முதலில் எழுதப் படிக்கட்டும் என்று சொல்லும் ‘நல்ல மனசுக்காரர்கள்’ இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

பள்ளிகளிடமும் கல்வித் துறையிடமும் எங்கள் கோரிக்கை பெரிதல்ல. ஒவ்வொரு குழுவிலும் மனுதாரர் மேசை ஒன்று போடுங்கள். அங்கே உட்காரும் பிள்ளை ‘நான்’ என்றும் ‘நாங்கள்’ என்றும் சொல்லலாம், தமிழில் பேசலாம். இந்தியாவுக்குப் பேசும் பிள்ளை 1965 திருத்தத்தையும் 2007 விசாரணையையும் படித்துவிட்டு வரட்டும். அதற்குப் பிறகும் அதே நிலைப்பாட்டைச் சொல்லட்டும், கேட்கிறோம். கலைத் திருவிழாவை ஒன்றிய அளவிலிருந்து மாநில அளவு வரைக்கும் நடத்தத் தெரிந்த துறைக்கு, அரசுப் பள்ளிகளிலும் நலப் பள்ளிகளிலும் தமிழில் ஒரு மாதிரி மன்றம் நடத்துவது முடியாத காரியமா?

நாங்கள் காத்திருக்கப் போவதில்லை. வரும் மனித உரிமை நாளான டிசம்பர் 10 அன்று எங்கள் மையத்தில் தமிழில் ஒரு மன்றம் கூடுகிறது. பொருள் ஒன்றே ஒன்று, முதல் பிரிவில் இருக்கும் அந்த ‘வம்சாவளி’. கோட்டு வேண்டாம், கட்டணம் இல்லை, மதியச் சாப்பாடு உண்டு. 29ஆம் பரிந்துரையைத் தமிழில் சுருக்கி எட்டுப் பக்கமாக அச்சடித்து வைத்திருக்கிறோம். கேட்கும் பள்ளிகளுக்கு அனுப்புகிறோம், தபால் செலவு மட்டும் கொடுத்தால் போதும். கேடயம் வாங்கிய பள்ளிகளும் கேட்கலாம்.