ஏட்டுச் சுரைக்காயா உத்தரவாதம்?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் வாக்கு. மோட்டார் வாகனம் வாங்குவோர் கையில் கொடுக்கப்படும் உத்தரவாதப் பத்திரமும் அத்தகைய சுரைக்காயாகி வருகிறதோ என்னும் ஐயம் நமக்கு எழுந்திருக்கிறது.

வத்தேகமவிலிருந்து நமக்கு எட்டிய முறைப்பாடு ஒன்றே இதற்குக் காரணம். தோட்டத் தொழிலாளியின் மகன் ஒருவர், தாயாரின் சேமலாப நிதிப் பணத்தை முன்பணமாகக் கட்டி, மிகுதியைத் தவணைக் கடனாகப் பெற்று, வேன் ஒன்றை வாங்கினார். காலையில் பன்வில, மடுல்கலைப் பகுதித் தோட்டப் பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுவருவதும், பகலில் கண்டி வைத்தியசாலைக்கு நோயாளரை ஏற்றிச் செல்வதும் அவரது தொழில். எட்டாம் மாதம், ஏற்றமொன்றில், இயந்திரம் இறுகி நின்றுவிட்டது. உத்தரவாதப் பத்திரத்தோடு விற்றவரிடம் சென்றார். "எங்கள் நிலையத்தில் நீர் எண்ணெய் மாற்றவில்லை, ஆகவே உத்தரவாதம் செல்லாது" என்பதே விடை. எண்ணெயை அவர் மாற்றாமல் இல்லை. ஊரில் உள்ள கராஜில் உரிய காலத்தில் மாற்றியிருக்கிறார். ஆனால், கராஜ்காரர் பற்றுச்சீட்டு எழுதும் வழக்கம் உடையவர் அல்லர். இன்று வண்டி நிற்கிறது, தவணை நிற்கவில்லை.

ஒரு பக்கத்துப் பேச்சை மட்டும் கேட்டுத் தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. இயந்திரம் பழுதாவதற்குக் காரணங்கள் பல. எண்ணெய் குறைந்தாலும், நீர் ஒழுகிச் சூடு மிஞ்சினாலும், பாரம் மிகுந்தாலும் அது சாவது உண்டு. எரிபொருளே பகையாவதும் உண்டு. 2011ஆம் ஆண்டில் தரம் குறைந்த பெற்றோல் நாட்டுக்குள் வந்து வாகனங்களைப் பழுதாக்கியதை நாம் மறக்கவில்லை. ஆனால், ஆலையிலேயே பிறந்த குறையும் உண்டு. இவற்றுள் எது காரணம் என்பதை யார் ஆராய்ந்து கூறுவது? இதுவே கேள்வி. இன்றுள்ள நிலையில், விற்றவரே பரிசோதகர், விற்றவரே நீதிபதி. தன் பணப்பையைத் திறக்க வேண்டுமா என்பதைத் தானே தீர்மானிக்கும் நீதிபதி எவ்வாறு தீர்ப்பளிப்பான் என்று சொல்லவும் வேண்டுமோ?

எண்ணெய் மாற்றியதற்குச் சீட்டு எங்கே என்ற கேள்வி வத்தேகமவில் மட்டும் கேட்கப்படுவதன்று. ஐக்கிய அமெரிக்காவில் ஹியுண்டாய், கியா கார்களின் இயந்திரங்கள் ஓட்டத்தில் இறுகி நின்றபோது அங்குள்ள உரிமையாளர் பலரும் இதே கேள்விக்கு ஆளாயினர். முடிவில் வெளிப்பட்டது என்ன? உற்பத்தியின்போது அகற்றப்படாத உலோகத் துகள்கள் எண்ணெய் செல்லும் வழியை அடைத்தன என்பதே. 2015ஆம் ஆண்டில் ஹியுண்டாய் கொம்பனி ஏறக்குறைய 470,000 கார்களைத் திருப்பி அழைத்தது. பின்னர் அவ்வியந்திரங்களுக்கு ஆயுட்கால உத்தரவாதமும் வழங்க நேர்ந்தது. உரிய காலத்தில் திருப்பி அழைக்கவில்லை என்பதற்காக 2020ஆம் ஆண்டில் இரு கொம்பனிகள் மீதும் மொத்தம் 21 கோடி டாலர் அளவிலான தண்டப் பொறுப்புச் சுமத்தப்பட்டது. வாங்கியவன் கவனக்குறைவு என்று தொடங்கிய கதை, செய்தவன் பிழை என்று முடிந்தது!

நம் நாட்டில் சட்டம் இல்லையா? இருக்கிறது. பொருள் விற்பனை பற்றிய கட்டளைச் சட்டம் 1896ஆம் ஆண்டிலேயே பிறந்தது. நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளைக் கட்டுப்படுத்த 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையை அமைத்தது. உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றிய முறைப்பாட்டை விசாரித்து, நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ கட்டளையிடும் அதிகாரத்தை அதன் 13ஆம் பிரிவு வழங்கியது.

ஆனால், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறித்தது போல, விற்பனை நடந்து 3 மாதங்களுக்குள் முறைப்பாடு எழுத்தில் வரவேண்டும் என்று அதே பிரிவு விதித்தது. இயந்திர உத்தரவாதமோ ஆண்டுக்கணக்கில் எழுதப்படுவது. எட்டாம் மாதத்தில் இறுகும் இயந்திரம், சட்டத்தைப் படித்துவிட்டு மூன்றாம் மாதத்திலேயே இறுகிக்கொள்ள வேண்டுமா? அண்டை நாடான இந்தியாவின் 2019ஆம் ஆண்டுச் சட்டம், வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள் அவகாசம் தருகிறது. அங்கு இயலுவது இங்கு ஏன் இயலாது?

இதனை இன்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரி முதலாந் திகதி மீண்டும் தொடங்கிற்று. ஐந்தாண்டுக் காலம் காத்திருந்த மக்கள், கடன்பட்டேனும் வாகனம் வாங்குகின்றனர். செல்வர் வீட்டுக் கார் பழுதானால் மற்றொரு கார் வாசலில் நிற்கும். மலைநாட்டு இளைஞனின் வேன் பழுதானாலோ ஒரு குடும்பத்தின் அடுப்பே அணைந்துபோகும்.

நாம் கேட்பவை மிகையானவை அல்ல. பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகக் கூறும் உத்தரவாதத்தைக் காட்டி முழுக் காரையே மாற்றித் தருமாறு கேட்க இயலாது என 2006ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம் மாருதி வழக்கொன்றில் கூறிற்று. புதிய வண்டியை நாமும் கேட்கவில்லை. வாக்களித்ததை நிறைவேற்றுமாறே கேட்கிறோம்.

முதலாவதாக, முறைப்பாட்டுக்குரிய காலம் குறை வெளிப்பட்ட நாளிலிருந்து கணக்கிடப்பட வேண்டும். இரண்டாவதாக, உத்தரவாதத்தை மறுப்பவர், காரணத்தை எழுத்தில் தருவதோடு, அக்காரணமே இயந்திரத்தைக் கெடுத்தது என்று நிறுவவும் கடமைப்பட்டவராக வேண்டும். மூன்றாவதாக, இருதரப்பையும் சாராத பரிசோதகர் இயந்திரத்தைப் பிரித்துப் பார்க்க வழி செய்யப்பட வேண்டும். நான்காவதாக, உத்தரவாதப் பத்திரம் வாங்குவோர் மொழியில் இருக்க வேண்டும். புரியாத மொழியில் பொடி எழுத்தில் அச்சிட்ட நிபந்தனைக்குக் கையொப்பம் வாங்குவது வியாபாரம் ஆகாது, பொறி வைப்பதாகும்.

வாகனம் வைத்திருக்கும் நம் இளைஞர்களுக்கும் ஒரு சொல். எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் திகதியும் ஓடிய தூரமும் எழுதிய சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஊர்க் கராஜ்காரரும் அதனை எழுதிக் கொடுக்கப் பழக வேண்டும். வண்டியின் வெப்பம் ஏறும்போது நிறுத்துங்கள். குறை தோன்றிய அன்றே எழுத்தில் அறிவித்துப் பிரதியொன்றைக் கைவசம் வைத்திருங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போகும். எழுத்தே சபை ஏறும்.

வாங்குபவன் தவணை ஒன்றைத் தவறவிட்டால் வண்டியைப் பறித்துச் செல்ல ஆட்கள் வருகின்றனர். அவன் கையொப்பத்துக்கு அத்தனை வலிமை! விற்றவரின் கையொப்பத்துக்கும் அதே வலிமை வரும் நாளில்தான் உத்தரவாதம் என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டாகும்.