மாடிக்கு வாடகை உண்டு. கூரைக்குக் காப்பு உண்டா?

கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், இடையே பாலவாக்கம். 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த இவ்வூரின் தெருக்களில் நடந்து பாருங்கள், தோழர்களே! கீழே வீட்டுக்காரர், மேலே குடித்தனம் என்றிருக்கும் வீடுகள் பல. மாடியில் இருப்பவர் கால்வாயைக் கடந்து பெருங்குடிக்கு வேலைக்குச் செல்பவர். கீழே இருப்பவர் ஓய்வுபெற்ற ஊழியர். மாடி வாடகைதான் அவருக்கு அரிசியும் மருந்தும். இவரையா சொத்துக்காரர் என்று சுட்டுவது?

2004-இன் ஆழிப்பேரலையையும், 2015-இன் பெருவெள்ளத்தையும், 2016-இன் வர்தாவையும், 2023-இன் மிக்ஜாமையும் கண்ட நகரம் இது. சுவர் இடிந்தால் குடித்தனம் வெளியேறும், வாடகை நிற்கும், வீட்டுக் கடன் தவணையோ நிற்காது!

2021 ஏப்ரல் முதல், பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் யாவும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பாலிசியை வழங்கியாக வேண்டுமென ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. (பெயர் நம் நாவில் புரள மறுக்கிறது, போகட்டும்.) தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவற்றால் நேரும் சேதத்துக்கு ஈடு உண்டு. அச்சேதத்தால் வீடு குடியிருக்கத் தகாததானால், இழந்த வாடகைக்கும் ஈடு கேட்கலாம். எத்தனை பேர் இதனை அறிவர்?

வீட்டுக்காரரின் பாலிசி குடித்தனக்காரரின் கட்டிலையும் குளிர்ப்பெட்டியையும் காவாது. அவர் தம் உடைமைகளுக்குத் தனியே எடுத்தல் வேண்டும். மாடி வாடகைக்கு விடப்பட்டிருப்பதை விண்ணப்பத்தில் மறைத்தலும் ஆகாது. முன்னறையில் கடை இருப்பின் அதனையும் சொல்லிவிடுக. மறைத்த உண்மை, ஈடு கேட்கும் நாளில் நிறுவனத்தின் கையில் ஆயுதமாகும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தம் கோருகிறது. வாய்ச்சொல்லில் விட்ட வாடகையை இழந்தேன் என்று எதைக் காட்டி மெய்ப்பிப்பது?

இனி, வரிக்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 முதல், தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் சரக்கு-சேவை வரி நீக்கப்பட்டது. நல்லதே, வரவேற்கிறோம். ஆனால் அப்பட்டியலில் வீட்டுக் காப்பீடு இல்லை. அதன் மீதிருந்த 18 விழுக்காட்டை எவரும் தொடவில்லை. உயிர் காக்கத்தக்கது, அவ்வுயிர் ஒண்டும் கூரை மட்டும் ஆடம்பரமோ? பிரீமியத்துக்கே தயங்கும் முதியவர், அதன்மேல் வரியையும் கண்டால் பாலிசியைக் கைவிடுவார். அடுத்த வெள்ளத்தில் நிவாரண வரிசையில் நிற்பார்.

சரக்கு-சேவை வரி மன்றத்தின் வாக்கு மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்களுடையது. சிறு வீடுகளுக்கேனும் இவ்வரியை நீக்குமாறு அங்கே குரல் எழவேண்டும். அதற்கான கையெழுத்துகளைக் கிளைத் தோழர்கள் பாலவாக்கத்திலிருந்தே திரட்டத் தொடங்கலாம். வீட்டுக்காரரிடம் ஒன்று, மாடிக் குடித்தனத்திடம் ஒன்று.