வீரனுக்கு வீடு எங்கே?

போருக்கு ஆள் சேர்க்கும்போது எந்தச் சர்க்காரும் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. உடுப்பு தருகிறது, சோறு தருகிறது, படுக்க இடம் தருகிறது. அந்த மனிதன் உடுப்பைக் கழற்றிய பிறகுதான் கணக்குப் பார்க்கத் தொடங்குகிறது. பெரும் பணக்கார நாடாகிய அமெரிக்காவே இதற்குச் சாட்சி.

முதல் உலகப் போரில் பணியாற்றியவர்களுக்கு ஊக்கத்தொகை தருவதாக அந்நாடு 1924-ல் சட்டம் செய்தது. ஆனால் பணம் கைக்கு வருவது 1945-ல் என்று எழுதி வைத்தது. இடையிலே வேலையில்லாத் திண்டாட்டம் வந்தது. 1932-ல் ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர்கள் பெண்டு பிள்ளைகளோடு வாஷிங்டன் சென்று, தகரமும் பலகையும் கொண்டு குடிசை போட்டு, "எங்கள் பணத்தை இப்போதே கொடுங்கள்" என்று கேட்டார்கள். ஜூலை 28-ந் தேதி தளபதி மெக்கார்தர் தலைமையில் குதிரைப்படையும் டாங்கிகளும் அவர்கள்மேல் ஏவப்பட்டன. குடிசைகள் தீக்கிரையாயின. பணம் 1936-ல்தான் கிடைத்தது.

ஆனாலும் அவர்கள் கேட்டது வீண் போகவில்லை. 1944-ல், அடுத்த யுத்தம் முடியும் முன்பே, வீரர்களின் படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் சட்டம் பிறந்தது. அப்போதும் கறுப்பின வீரர்கள் பலருக்கு வங்கிகள் கதவை அடைத்தன. பின்னர் வியட்நாமிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் திரும்பியவர்களில் பலர், உடற்காயமும் மனக்காயமும் சுமந்து, வாடகை கொடுக்க வழியின்றித் தெருவுக்கு வந்தார்கள்.

"குடித்துக் கெட்டவனுக்கு வீடு ஒரு கேடா?" என்று கேட்பவர்கள் எங்கும் உண்டு. அவர்களுக்கு நாம் ஒரு கணக்கைக் காட்டுகிறோம். 2008 முதல் அமெரிக்க அரசு, வீடில்லாத வீரர்களுக்கு வாடகை உதவியையும், மருத்துவ உதவியையும், கூட இருந்து வழிகாட்ட ஓர் ஊழியரையும் பெருமளவில் சேர்த்துக் கொடுத்தது. "முதலில் திருந்து, பிறகு வீடு" என்ற பழைய பேச்சையும் நாளடைவில் விட்டது. 2010 ஜனவரியில் வீடற்ற வீரர்கள் 74,087 பேர். 2024 ஜனவரியில் 32,882 பேர். அதே 2024-ல் அந்நாட்டில் வீடற்றோர் மொத்தத் தொகையோ 7,71,480 ஆக உயர்ந்தது. கவனமும் பணமும் சென்ற இடத்தில் துன்பம் குறைந்தது. செல்லாத இடத்தில் பெருகியது.

அமெரிக்காக்காரன் கதை நமக்கு எதற்கு என்று தோழர்கள் எண்ணலாம். வேலையோடு ஒட்டிய வீடு வேலையோடு போய்விடும் என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? 1950, 1960-ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், பின்னர் பால்மரக் காடுகள் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோதும், பெரட்டில் பேர் இல்லை என்றதும் லயத்து வீடும் இல்லை என்றார்கள். ஆயுள் முழுதும் உளி பிடித்தவனுக்கு நேர்ந்ததும், துப்பாக்கி பிடித்தவனுக்கு நேர்ந்ததும் ஒன்றே. நம் மலேசியாவிலும் ஓய்வூதியம் இல்லாத முன்னாள் படைவீரர்கள் இருக்கிறார்கள்.

ஆண்டுக்கு ஒரு நாள் மாலை போட்டு மரியாதை செய்தால் மழை ஒழுகாமல் இருக்காது. உழைப்பைப் பெற்றுக்கொண்ட சமுதாயம், உழைத்தவன் தலைக்கு மேல் கூரை தரக் கடன்பட்டிருக்கிறது. இது தருமம் அல்ல, பாக்கிக் கூலி. பாக்கிக் கூலியைக் கேட்டு வாங்கவே சங்கம் இருக்கிறது. படைவீரனுக்காகவும் நாம் அதைக் கேட்போம்.